கை மாறினால் பொறுப்பு மாறுமா?



மக்காச்சோளம் அறுத்துக் களத்தில் காய்ந்து கொண்டிருந்த சமயம். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், வேப்பந்தட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு சகோதரி நேரே என்னிடம் வந்தார். கையில் பதினொரு சம்பளச் சீட்டுகள். மடித்து மடித்து ஓரம் கிழிந்து போனவை. இன்னொரு கையில் மகனுடைய செல்போன்.

“அண்ணே, இந்தச் சீட்டுல பி.எப். புடிச்சிருக்கான்னு போட்டிருக்கு. இந்த போனுல பாஸ்புக்கைப் பாத்தா ஒண்ணுமே ஏறலையே. புடிச்சது நெசமா, ஏறாதது நெசமா?” என்றார்.

இரண்டும் நிஜம்தான். மாதம் பத்தாயிரம் ரூபாய் சம்பளத்தில் பிராவிடண்ட் பண்டுக்கு 1,200 ரூபாய், இ.எஸ்.ஐ.க்கு 75 ரூபாய் என்று மாதம் தவறாமல் பிடித்திருக்கிறார்கள். பதினொரு மாதமாகப் பி.எப். கணக்கில் ஒரு நயா பைசா ஏறவில்லை. அவர் வேலை செய்வது நமது ஜில்லாவில் உள்ள ஓர் ஆலையில். பெயர் இங்கே வேண்டாம். ஆலைக்குள் கூட்டிப் பெருக்குவதும் மூட்டை அடுக்குவதும் அவருடைய வேலை. ஆனால் அவர் ஆலையின் ஆள் அல்லவாம்! ஒரு ஏஜென்சியின் ஆளாம். இப்படி அந்த ஏஜென்சியின் பெயரில் அங்கே இருப்பவர்கள் 38 பேர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பதினொரு மாதத்தில் 13,200 ரூபாய். 38 பேருக்கு 5,01,600 ரூபாய். இது தொழிலாளியின் பங்கு மட்டும். முதலாளி போட வேண்டிய சம பங்கையும் சேர்த்தால் பத்து லட்சத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய். இவ்வளவு பணமும் எங்கே?

மறுநாள் நானும் சங்கத் தோழர் ஒருவரும் அந்தச் சகோதரியுடன் புறப்பட்டோம். முதலில் ஆலை ஆபீஸ். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். “ஏஜென்சி அனுப்பும் பில்லில் பி.எப்., இ.எஸ்.ஐ. தனியாகப் போட்டு வருகிறது. அதையும் சேர்த்துத்தான் செக் கொடுக்கிறோம். எங்கள் பக்கம் பாக்கி இல்லை. அவர்களைக் கேளுங்கள்” என்றார். ஏஜென்சிக்காரரைத் தேடிப் பெரம்பலூர் போனோம். “நான் எட்டாவது படித்தவன், எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது. சம்பளக் கணக்கு, பி.எப். சலான் எல்லாவற்றையும் ஒரு கம்பெனியிடம் விட்டிருக்கிறேன். மாதா மாதம் அவர்களுக்குப் பணம் அனுப்புகிறேன்” என்றார். அந்தக் கம்பெனி இருப்பது வேறு ஊரில். டெலிபோனில் பேசிய பையன், “ஆதார் பெயரும் பி.எப். பெயரும் ஒத்துப் போகவில்லை, ஸார். சிஸ்டம் எடுத்துக் கொள்ளவில்லை. நீங்கள் கொடுத்த விவரம் தவறு” என்றான்.

அதாவது, கடைசியில் குற்றவாளி யார்? தன் பெயரைத் தப்பாக வைத்துக் கொண்ட அந்தச் சகோதரியே!

பெயரில் என்ன தப்பு என்று பார்த்தோம். ஆதாரில் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து முன்னால் இருக்கிறது. பி.எப். கணக்கில் புருஷன் பெயரின் முதல் எழுத்து பின்னால் இருக்கிறது. தமிழ்நாட்டில் இனிஷியல் இல்லாத மனிதர் யார்? கல்யாணமான பெண்ணுக்கு இனிஷியல் மாறுவது ஊரறிந்த சங்கதி. 2021 செப்டம்பர் முதல், ஆதாரோடு இணைக்கப்படாத கணக்குக்கு முதலாளி மாதச் சந்தா செலுத்த முடியாது என்று வைப்பு நிதி ஸ்தாபனம் விதி செய்தது. அதற்கு முன் மனுப் போட்டுப் பெயரைச் சரி செய்து கொடுக்க வேண்டியது யாருடைய வேலை? பணத்தைப் பிடிக்கிறவனுடைய வேலை அல்லவா? சம்பளத்தில் கழிக்கும்போது மட்டும் இந்தச் சகோதரியின் பெயர் எந்தச் சிஸ்டத்திலும் இடிக்கவில்லையே! பிடிப்பதற்கு ஒத்துப் போகும் பெயர், கட்டுவதற்கு மட்டும் ஒத்துப் போகாதாம். அப்படியே ஒருத்தர் பெயர் இடித்தாலும், மற்ற 37 பேர் பணம் ஏன் ஏறவில்லை? இதற்கு அந்தப் பையனிடம் பதில் இல்லை.

பாஸ்புக்கில் எண் ஏறாதது காகிதத்துக் கணக்கு மட்டும்தானே என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் இ.எஸ்.ஐ. விஷயத்தைப் பார்க்கட்டும். நோயில் படுத்தவனுக்கு 70 சத வீதச் சம்பளம், 91 நாள் வரை கிடைக்க வழியிருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். ஆக, இன்று கட்டத் தவறிய 75 ரூபாய், பல மாதம் கழித்து ஒருவன் காய்ச்சலில் படுக்கும்போது வந்து அவன் கழுத்தைப் பிடிக்கும். அப்போது ஏஜென்சியே மாறிப் போயிருக்கும். நம் சகோதரியின் கூட வேலை செய்யும் ஒருவர் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போனபோது நடந்தது இதுதான். தாலிக் கொடியை அடகு வைத்துத்தான் ஆபரேஷன் நடந்தது. வேலையில் அடிபட்டால் இந்த 78 நாள் நிபந்தனை கிடையாது. ஆனால் வியாதி சொல்லி வைத்துக் கொண்டா வருகிறது?

சம்பளக் கணக்குக் கம்பெனி என்பது புதுச் சரக்கு. ஆனால் உழைக்கிறவனுக்கும் உழைப்பை வாங்குகிறவனுக்கும் நடுவில் ஓர் ஆளை நிறுத்தி வைக்கும் தந்திரம் புதிதல்ல. நம் பாட்டன்மார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன காலத்தில் கங்காணி இருந்தான். ஆளைப் பிடித்துப் போனவன் அவன், முன்பணம் கொடுத்தவன் அவன், கூலிக்குத் தலைக் காசு பெற்றவனும் அவன். தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அந்தத் துண்டோடு தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் கை மாற்றினார்கள். கேட்டால் துரை கங்காணியைக் காட்டுவார், கங்காணி கடன் கணக்கைக் காட்டுவான். அந்தத் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நமது பஞ்சாலைகளில் மேஸ்திரி அந்த இடத்தில் இருந்தான். கரும்பு வெட்டுக்குப் போகும் தோழர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். கோஷ்டி மேஸ்திரியின் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்கு மட்டுமே வெளிச்சம்.

இந்தத் தந்திரத்தைச் சட்டம் செய்தவர்களும் அறியாமல் இல்லை. தொழிலாளர் இயக்கம் கொடுத்த நெருக்கடியால் அறிந்தார்கள் என்றே சொல்லலாம். 1948-ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தின் 40-வது பிரிவு, காண்ட்ராக்டர் மூலம் வந்த ஆளாக இருந்தாலும் முதன்மை முதலாளியே முதலில் சந்தாவைக் கட்ட வேண்டும் என்று எழுதியது. கட்டிய பிறகு காண்ட்ராக்டரின் பில்லில் கழித்துக் கொள்ளலாம் என்பது 41-வது பிரிவு. 1952-ஆம் வருஷத்துப் பிராவிடண்ட் பண்டு திட்டத்தின் 30-வது பத்தியும் அதே மாதிரி, காண்ட்ராக்டர் ஆட்களின் சந்தாவுக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்றது. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் காண்ட்ராக்டர் தன் ஆட்களின் பிடித்தக் கணக்கை முதன்மை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. காண்ட்ராக்டர் கூலி கொடுக்கும் இடத்தில் ஆலையின் பிரதிநிதி ஒருவர் நின்று, கொடுத்தது சரி என்று சான்று எழுத வேண்டும் என்றது. இப்போது கூலி பாங்கியில் விழுகிறது. நிற்பதற்கு இடமும் இல்லை, பார்ப்பதற்கு ஆளும் இல்லை.

ஆலை அதிகாரி அன்று ஒரு கேள்வி கேட்டார். அதைத் தட்டிக் கழிக்க நான் விரும்பவில்லை. “நாங்கள் ஒரு முறை பணம் கொடுத்து விட்டோம். காண்ட்ராக்டர் சாப்பிட்டு விட்டால் மறுபடியும் நாங்கள் கட்டுவதா? இது என்ன நியாயம்?” என்றார். கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த ஏஜென்சியைத் தேர்ந்தெடுத்தது யார்? டெண்டரில் ஆளுக்குப் பத்து ரூபாய் குறைவு என்று பார்த்து எடுத்தது ஆலை. அந்தக் குறைந்த தொகையில் கூலியும் கொடுத்து, சந்தாவும் கட்டி, தனக்கும் மிச்சம் பிடிக்க முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். அடுத்த மாத பில்லை நிறுத்தி வைக்கும் கயிறு யார் கையில் இருக்கிறது? ஆலையின் கையில். காண்ட்ராக்டர் பணம் கட்டினாரா என்று முதன்மை முதலாளி இணையத்தில் பார்த்துக் கொள்ள வைப்பு நிதி ஸ்தாபனமே வசதி செய்து வைத்திருக்கிறது. சலான் நகல் இல்லாமல் செக் இல்லை என்று ஒரு வரி சொன்னால் போதும். கயிறும் கண்ணும் உள்ளவன் ஏமாந்தேன் என்கிறான். இரண்டும் இல்லாத கூட்டுகிற பெண் நஷ்டத்தைச் சுமக்க வேண்டுமாம்.

ஏஜென்சிக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவரை ராட்சஸனாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரும் இந்த வட்டாரத்துக்காரர்தான். பருத்தியில் நஷ்டப்பட்டு, நிலத்தை அடமானம் வைத்து ஏஜென்சி ஆரம்பித்தவர். ஆலை அவருக்கு நான்கு மாத பில்லை நிறுத்தி வைத்திருந்தது, பிறகு விசாரித்ததில் தெரிந்தது. “பாக்கி இல்லை” என்று ஆலையில் சொன்னது முழு உண்மை அல்ல. நான்கு மாதம் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்தவர், சந்தாவில் கை வைத்து விட்டார். மிச்ச ஏழு மாதப் பணத்தைச் சம்பளக் கணக்குக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கம்பெனி அதைக் கட்டாமல் வைத்துக் கொண்டது. பெரிய மீன் சின்ன மீனை விழுங்கிற்று, சின்ன மீன் புழுவைத் தேடிற்று. பரிதாபம் உண்டு. ஆனால் பரிதாபத்துக்காகத் தொழிலாளியின் பணத்தை விட்டுக் கொடுக்க முடியாது. ஏனென்றால் அது அவருடைய பணமே அல்ல.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2022 அக்டோபர் 12-ல் சுப்ரீம் கோர்ட்டு செக்மேட் சர்வீசஸ் வழக்கில் இதே வித்தியாசத்தைச் சொன்னது. அது வருமான வரி வழக்கு. முதலாளி தன் பங்காகப் போடும் பணம் வேறு, தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழித்த பணம் வேறு. கழித்த பணம் பிறத்தியார் பணம், நம்பி ஒப்படைத்த பணம், குறித்த நாளுக்குள் அதைக் கட்டாதவனுக்கு வரிச் சலுகை கிடையாது என்று தீர்ப்பாயிற்று. நம்பி ஒப்படைத்ததைக் கட்டாமல் வைத்துக் கொள்வதற்குக் குற்றவியல் சட்டத்திலும் பெயர் இருக்கிறது. நம்பிக்கை மோசடி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-வது பிரிவில் பி.எப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தது. 2024 ஜூலையில் வந்த நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது.

“வேண்டுமென்று செய்யவில்லை, கம்ப்யூட்டர் பிழை” என்கிறார்களே, அதற்கும் பதில் உண்டு. குடகு நாட்டில் கோணிகொப்பலில் ஒரு தோட்டக்கலைப் பரிசோதனை நிலையம் பி.எப். கட்டாமல் வருஷக் கணக்கில் இருந்தது. அபராதம் போட்டபோது, கெட்ட எண்ணம் இல்லை என்று வாதாடினார்கள். 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, எண்ணம் எப்படி இருந்தாலும் கட்டத் தவறியதே போதும், நஷ்டஈடு வசூலிக்கலாம் என்று சொல்லி விட்டது.

இந்த வியாதி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்காவில் சின்னச் சின்னக் கம்பெனிகள் எல்லாம் சம்பளம் போடுவதையும் வரி கட்டுவதையும் வெளிக் கம்பெனிகளிடம் விட்டிருக்கின்றன. அதில் ஒன்று, நியூயார்க் மாநிலத்தில் இருந்த மைபேரோல்எச்ஆர். 2019 செப்டம்பரில் அது ஒரே நாளில் கதவை அடைத்தது. அதன் சொந்தக்காரர் மைக்கேல் மான் பணத்தைத் திருப்பி விட்டிருந்தார். சுமார் 4,000 முதலாளிகளின் சம்பளப் பட்டுவாடா சிக்கிக் கொண்டது. அதில் நடந்த கொடுமையைக் கேளுங்கள். நடுவில் பணம் கடத்தும் இன்னொரு கம்பெனி, தன் நஷ்டத்தை ஈடு கட்டத் தொழிலாளிகளின் பாங்கிக் கணக்கில் ஏற்கெனவே விழுந்திருந்த சம்பளத்தைத் திரும்ப எடுத்துக் கொண்டது! சிலருக்கு இரண்டு தடவை எடுத்தது. மைக்கேல் மானுக்கு 2021-ல் 12 வருஷச் சிறை விதித்தார்கள். முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான அந்த நாட்டிலேயே வரி இலாகா சொல்வது என்ன? வெளிக் கம்பெனியிடம் விட்டாலும், அது பணத்தைத் தின்றாலும், சம்பள வரிக்கு முதலாளியே பொறுப்பு என்பதுதான். அந்த நாட்டுக்குப் புரிந்தது நம் ஆலை ஆபீசுக்குப் புரியவில்லை.

நிரந்தரத் தொழிலாளர்களில் சிலருக்குச் சம்பளத்திலேயே வருமான வரி பிடிக்கிறார்கள். அங்கே நியாயம் தெளிவாக இருந்தது. 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 205-வது பிரிவு, முதலாளி வரியைப் பிடித்து விட்டால் அந்தத் தொகைக்கு அதே ஆளை மறுபடி கேட்கக் கூடாது என்று தடை போட்டது. பிடித்தவன் கட்டவில்லை என்றால் சர்க்கார் பிடித்தவனோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். சர்க்காருக்கு வர வேண்டிய வரிக்கு உள்ள இந்த நியாயம், தொழிலாளிக்கு வர வேண்டிய பி.எப். பணத்துக்கும் அப்படியே ஏன் இருக்கக் கூடாது?

விவசாயத் தொழிலாளத் தோழர்கள், இது ஆலைக்காரர் விவகாரம் என்று பக்கத்தைத் திருப்பி விட வேண்டாம். நூறு நாள் வேலைக் கூலி உங்களுக்கு எப்படி வந்தது? 2024 ஜனவரி முதல் ஆதாரை வைத்துத்தான் பட்டுவாடா என்றார்கள். பணம் எந்தப் பாங்கியில் விழுந்தது என்று தேடி அலைந்த கிழவிகள் நம் ஊரில் எத்தனை பேர்! பஞ்சாயத்தில் கேட்டால் யூனியன் ஆபீஸ், யூனியனில் கேட்டால் பாங்கி, பாங்கியில் கேட்டால் டில்லி. அதே மூன்று வாசல், இங்கே நான்காக இருந்தது, அவ்வளவுதான். 2005-ஆம் வருஷத்துச் சட்டம் 15 நாளுக்குள் கூலி கொடுக்கச் சொன்னது. மாநிலத்தின் பக்கத்துத் தாமதம் மட்டும்தான் தாமதம், டில்லியிலிருந்து பணம் வரும் பாதையில் ஆகும் தாமதம் கணக்கில் சேராது என்று மத்திய சர்க்கார் வாதாடியது. ஸ்வராஜ் அபியான் வழக்கில் 2018 மே 18-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. வேலை செய்தவனுக்குப் பாதையைப் பற்றி என்ன கவலை, பதினாறாம் நாளிலிருந்து நஷ்டஈடு உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் கொண்டு வந்து விட்டார்கள். சட்டத்தின் பெயர் மாறியது. கூலி வருகிற பாதைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைப் புதுச் சட்டத்திலும் நாம் கேட்டே தீர வேண்டும்.

கோர்ட்டுகள் எப்போதும் நம் பக்கம் நின்றன என்று நான் சொல்ல வரவில்லை. 1978-ல் கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை வழக்கில், காண்ட்ராக்டர் என்ற திரையை விலக்கிப் பார், பின்னால் நிற்கும் உண்மையான முதலாளி தெரிவான் என்று தீர்ப்பளித்தவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தில் இ. எம். எஸ். மந்திரிசபையில் இருந்தவர் அவர், ஆகவே திரைக்குப் பின்னால் பார்க்கத் தெரிந்திருந்தது! ஆனால் 1991-ல் கல்கத்தா மின்சாரக் கம்பெனி வழக்கில், வெளியே தெருவில் காண்ட்ராக்டரின் மேற்பார்வையில் கேபிள் போட்ட ஆட்களுக்கு அந்தக் கம்பெனி இ.எஸ்.ஐ. கட்ட வேண்டியதில்லை என்று அதே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. காண்ட்ராக்டருக்குத் தனி பி.எப். எண் இருந்தால் அவரே முதலாளி, ஆலையைக் கேட்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன ஹைகோர்ட்டுகளும் உண்டு. ஆலை அதிகாரி கடைசியில் பிடித்துக் கொண்டது இந்தக் கொம்பைத்தான். தனி எண் வாங்குவது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற காரியம். ஓர் எண்ணைக் காட்டித் தப்பிக்கலாம் என்றால், 1948-லும் 1952-லும் எழுதியதற்கு என்ன அர்த்தம்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. நம் எதிர்ப்பு தெரிந்ததே. இங்கே இந்த விஷயத்தைத் தொடுகிற அளவுக்கு மட்டும் சொல்கிறேன். காண்ட்ராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும் என்ற பழைய விதியின் எலும்பு புதிய தொகுப்பிலும் இருக்கிறது. கூலித் தொகுப்பின் 43-வது பிரிவும், கொடுக்க வேண்டியவர் கொடுக்காவிட்டால் ஸ்தாபனத்தின் சொந்தக்காரர் பொறுப்பு என்கிறது. அதைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ள வேண்டும். ஆனால் எலும்பை வைத்துக் கொண்டு சதையை அறுத்திருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தியது. இப்போது அந்த அத்தியாயம் பொருந்த 50 பேர் வேண்டும். நம் 38 பேர் மட்டும் என்றால் அந்தக் கதவு சாத்தியாயிற்று. இன்னொன்று, இதைக் கோடு போட்டு வைத்துக் கொள்ளுங்கள். பி.எப். பாக்கிக்கு விசாரணை தொடங்க 1952-ஆம் வருஷத்துச் சட்டத்தில் காலக்கெடு கிடையாது. புதிய தொகுப்பில் ஐந்து வருஷம் கெடு. பத்து வருஷம் கழித்து ரிட்டையராகும்போது பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்தால், அப்போது பார்க்க மட்டும்தான் முடியும்.

இந்த விஷயத்தில் நம் சங்கத்தின் தவறும் உண்டு. அதை மறைத்து எழுதினால் அந்த 38 பேர் முகத்தில் நான் விழிக்க முடியாது. போனஸ், கூலி உயர்வு என்றால் கொடி பிடிக்கிறோம். சம்பளச் சீட்டில் கழித்த பணம் கணக்கில் ஏறியதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தோமா? இல்லை. செல்போனில் அதைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தது அந்தச் சகோதரியின் பன்னிரண்டாவது படிக்கும் மகன். அது மட்டுமா, முதல் இரண்டு மாதம் நாங்களும் ஏஜென்சிக்காரர் பின்னாலேயே அலைந்தோம். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். ஆலை அதிகாரி விரும்பியதும் அதுதான்! கடைசியில் ஒரு முதிய தோழர்தான், “ஆடு மேய்ச்சலுக்கு விட்டவனைக் கேக்காம, மேய்ச்சப் பையனை ஏண்டா அடிக்கிறீங்க?” என்று கேட்டார்.

அதன் பிறகு காரியம் திரும்பியது. 38 பேரும் சேர்ந்து, ஆலை நிர்வாகத்தின் பெயருக்கே ஒரு மனு எழுதினோம். ஒவ்வொருவருடைய சம்பளச் சீட்டு நகல், பாஸ்புக் நகல், பாங்கிக் கணக்குப் பக்கம், ஆலை வாசலில் கொடுத்த அடையாள அட்டை நகல் எல்லாம் அடுக்கி, பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதன் பிரதிகள் திருச்சி வைப்பு நிதி அலுவலகத்துக்கும் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் போயின. சிலரிடம் சீட்டுகள் இல்லை. அடுப்பு மூட்டப் பயன்பட்டு விட்டன. அவர்களுக்கு மற்றவர்கள் சாட்சி எழுதினார்கள். பெயர் திருத்த மனுக்களை நம் இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார்கள். ஆபரேஷன் செய்து கொண்ட சகோதரிக்காகத் தனி மனு. முதலாளி சந்தா கட்டாததால் தொழிலாளியின் பலன் போயிற்று என்றால், பலனைக் கொடுத்து விட்டு முதலாளியிடம் வசூலிக்க 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 68-வது பிரிவு வழி வைத்திருந்தது. அதைச் சுட்டிக் காட்டியிருக்கிறோம்.

மனுப் போய்ச் சேர்ந்த ஐந்தாவது வாரம் ஆலையிலிருந்து ஆள் வந்தது. ஏஜென்சியின் நிறுத்தி வைத்த பில்லிலிருந்து எடுத்து, ஏழு மாதச் சந்தாவை இரு பங்கும் சேர்த்துக் கட்டி விட்டார்கள். முடியாது, சட்டம் இல்லை, தனி எண் இருக்கிறது என்றெல்லாம் சொன்னவர்கள்தான் கட்டினார்கள். நான்கு மாதம் பாக்கி நிற்கிறது. அதற்கு விசாரணை நாள் குறித்திருக்கிறார்கள். ஆபரேஷன் மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. விசாரணைக்கு 38 பேரும் ஒரு நாள் கூலியை விட்டு விட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பஸ் வேப்பந்தட்டையில் ஏறினால் சரியாக இருக்கும். அந்தச் சகோதரி சீட்டுகளை இப்போது பாலித்தீன் பையில் போட்டு வைத்திருக்கிறார்.